பேசாமல் பிசைந்த மாவு

பூசாரி,

மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். அது ஊறி முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது என்பது நீங்கள் வைத்த சட்டம். பேசத்தானே கூடாது, எழுதலாமே என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடிதம். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பிழை பார்க்க நீங்களும் இல்லை.

அடுக்களை முழுக்கக் கோதுமை மாவு வாசனை. இந்த வாசனை வந்தால் சனிக்கிழமை சாயங்காலம் என்று அர்த்தம். நீங்கள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து அடுப்புக்கு முன்னால் நிற்பீர்கள் என்று அர்த்தம். இன்றைக்கு வாசனை மட்டும் வந்திருக்கிறது.

நாளைக்குத் திருவிருந்து. நீங்கள் போன பிறகு வருகிற முதல் திருவிருந்து. நேற்று பாஸ்டர் போன் செய்தார். "அக்கா, அப்பம் நீங்கதானே சுடுவீங்க? சுட்டு, தட்ட நீங்களே பந்திக்குக் கொண்டாந்து வெச்சிருங்க" என்றார். "சரிங்க பாஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அப்பம் சுடுவதில் எனக்கு என்ன பயம்? கொண்டுபோய் வைக்கிறது உங்கள் வேலை. உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை நான் எப்படிச் செய்வது?

ஞானஸ்நானம் எடுத்த பிறகும் நான் உங்களைப் பூசாரி என்றே கூப்பிட்டதில் தேவமணி அக்காவுக்கு எத்தனை கோபம்! சபையில் மூத்தவர், பெண்கள் கூட்டத்தை நடத்துகிறவர், அவருக்குக் கோபப்பட உரிமை உண்டு.

"ஏம்மா, வேற பேரே கெடைக்கலையா ஒனக்கு? விட்டுட்டு வந்ததையே சொல்லிக் கூப்புடுறியே!"

"கல்யாணமான நாள்லேருந்து கூப்புட்ட வாய்க்கா. திடீர்னு திரும்ப மாட்டேங்குது."

நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, "விடுங்கக்கா, அவ கூப்புட்டா சோத்துக்குத்தான் கூப்புடுவா. எந்தப் பேரா இருந்தா என்னா" என்றீர்கள்.

ஆனால் எனக்கு அது சும்மா வந்த பெயர் இல்லை. டுரியான் துங்காலுக்கு உள்ளே நம் தோட்டம் இருந்த காலத்தில் உங்கள் அப்பா, என் மாமா, மாரியம்மன் கோயில் பூசாரி. மாமாவுக்குப் பிறகு நீங்கள். விடியுமுன் கிணற்றில் குளித்து, ஈர வேட்டியோடு போய் நடை திறந்து, விளக்கேற்றி, அதற்குப் பிறகுதான் மற்றவர்களோடு வெளிக்காட்டு வேலைக்குப் போவீர்கள். பொங்கல் வைக்கும்போதும் அம்மனுக்கு அலங்காரம் செய்யும்போதும் ஒரு வெள்ளைத் துணியை மடித்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வீர்கள். எச்சில் தெறிக்கக் கூடாது, மூச்சுப் படக் கூடாது. "சாமிக்கு முன்னால நம்ம மூச்சு பெருசா கேக்கக் கூடாது" என்று மாமா சொல்வார். அந்தத் துணிக்கு மேலே தெரிந்த உங்கள் கண்ணைப் பார்த்துத்தான் நான் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். துணியை அவிழ்த்த பிறகு மூக்கைப் பார்த்து யோசித்தது தனிக்கதை.

தோட்டத்தை விற்றார்கள். செம்பனை மரங்களை வெட்டி வீடுகள் கட்டினார்கள். கோயிலைப் பட்டணத்துப் பக்கம் மாற்றிப் பெரிதாகக் கட்டினார்கள், கமிட்டி வைத்தார்கள், முறையாகப் படித்த குருக்கள் வந்தார். யாரும் உங்களை விரட்டவில்லை. "கூடமாட இருங்க பூசாரி" என்றுதான் சொன்னார்கள். நீங்கள்தான், "ஒரு நடைக்கு ரெண்டு பேரு நின்னா சரியா வராது" என்று குளித்துவிட்டுப் போய், சாவியை வெற்றிலை மேல் வைத்துக் குருக்களிடம் கொடுத்துவிட்டு வந்தீர்கள். வீட்டுக்கு வந்து கோப்பி கேட்டீர்கள். போட்டுக் கொண்டுவந்து வைத்தது ஆறினாலும் பரவாயில்லை என்கிற மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

அதற்குப் பிறகு ஜாகா வேலை. ராத்திரி பகல் என்று மாற்றி மாற்றி ஒரு தொழிற்சாலை வாசலில் காவல். ஆனால் வீட்டில் இருக்கிற நாளில் அதே விடியற்காலையில் எழுந்து அதே மாதிரி குளிப்பீர்கள். குளித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் பின்வாசலில் நிற்பீர்கள். ஒருநாள் என்னைப் பார்த்து, "குளிச்சாச்சு. அப்பறம்?" என்றீர்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பசியாறத் தோசைதான் இருந்தது.

சபைக்கு முதலில் போனவள் நான். மகள் கல்யாணமாகி ஜொகூர் போன புதிதில் வீடு வெறிச்சென்று கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டாள், போனேன். டயர்க் கடைக்கு மேல்மாடியில் ஒரு கூடம், இருபது முப்பது நாற்காலி, பாட்டு. நன்றாக இருந்தது. நீங்கள் மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்து விட்டுவிட்டுக் கீழேயே நிற்பீர்கள்.

"மேல வாங்களேன். யாரும் கடிச்சிட மாட்டாங்க."

"நான் ஒரு சாமிக்கு நின்னவன், புள்ள. சும்மா வேடிக்க பாக்கறதுக்கு இன்னொரு சாமி வீட்டுக்குள்ள நொழையக் கூடாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. வேறு வழியில்லாமல் படியேறி வந்து, சட்டை சொட்டச் சொட்டக் கதவோரம் நின்றீர்கள். அன்றைக்குப் பாஸ்டர் வாசித்தது, ஆண்டவர் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் எடுத்து வந்து, சீடர்களுடைய காலைக் கழுவியதை. எனக்கு அது முன்னமே கேட்ட கதை. பக்கத்தில் இருந்த குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் பாதி ரோட்டில் மோட்டாரை நிறுத்தினீர்கள். டயர் பஞ்சர் என்றுதான் நினைத்தேன்.

"புள்ள, அம்மன் பாதத்த நான் எத்தன வருசமா கழுவியிருக்கேன். சாமியே குனிஞ்சு மனுசன் கால கழுவுச்சா?"

"அப்படித்தான் போட்டுருக்கு."

"காலுன்னா... நம்ம தோட்டத்துக் காலு மாதிரி காலா? சேறும் பித்தவெடிப்புமா?"

"அவங்களும் செருப்பு போட்டு மண்ணுல நடந்தவங்கதான். பின்ன என்ன பட்டுக் காலா?"

மோட்டாரை மறுபடி கிளப்பினீர்கள். அடுத்த வாரம் செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு, நான் கூப்பிடாமலே மேலே ஏறி வந்தீர்கள். மற்றவர்கள் எல்லாம் சப்பாத்தோடு உட்கார்ந்திருக்க, நீங்கள் மட்டும் வெறுங்கால். கீழே விட்ட செருப்பில் ஒன்றை டயர்க் கடை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வெறுங்காலோடேயே மோட்டார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நீங்கள் சிரித்து நான் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் திருவிருந்துக்குக் கடை ரொட்டியைத்தான் சதுரம் சதுரமாக நறுக்கி வைப்பார்கள். பிளாஸ்டிக் பையிலிருந்து அதை எடுக்கிறதைப் பார்த்து நீங்கள் நெளிந்தீர்கள். குறை சொல்லவில்லை. பாஸ்டரிடம் போய், "நாங்க வீட்டுல சுட்டுக் கொண்டாரட்டுமா?" என்று கேட்டீர்கள். "தாராளமாண்ணே" என்றார். வீட்டுக்கு வந்து அன்றைக்கே அடுப்பைக் கழுவினீர்கள். குளிச்சாச்சு, அப்பறம் என்று கேட்டவருக்கு ஒரு வேலை வந்துவிட்டது.

முதல் தடவை அப்பத்தைக் கொண்டுபோய் வைத்த அழகை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பேசக்கூடாத நேரத்தில் சிரிக்கலாமோ என்னவோ. தட்டைப் பந்தியின்மேல் வைத்தீர்கள், கும்பிட்டீர்கள். சாமிக்கு முதுகைக் காட்டிப் பழக்கமில்லையே, அப்படியே பின்னாலேயே நடந்து வந்தீர்கள். கோயிலில் பின்னால் தூணும் இல்லை, துரும்பும் இல்லை. இங்கே டிரம் செட் இருந்தது. எல்லாரும் கண்மூடி அமைதியாக இருந்த நேரத்தில் ஜல்லென்று ஒரு சத்தம்! டிரம்மின் பித்தளைத் தட்டு உருண்டோடித் தேவமணி அக்கா காலடியில் போய் விழுந்தது. பாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார், முடியவில்லை, மைக்கிலேயே சிரித்துவிட்டார். நீங்கள், "மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க" என்று டிரம்மைப் பார்த்துக் கும்பிட்டீர்கள்.

அந்த வருஷம்தான் பாஸ்டர் வேதத்தில் வருகிற பழைய ஆசாரியர்களை, அந்தக் காலத்துப் பூசாரிகளைப் பற்றி வாரா வாரம் பாடம் எடுத்தார். அவர்கள் உள்ளே போவதற்குமுன் கை கால் கழுவ வேண்டும், பஞ்சு நூல் உடுப்பு உடுத்த வேண்டும், அங்கியின் ஓரத்தில் மணி தொங்க வேண்டும் என்று. சபையில் பாதிப் பேர் தூங்கி விழுந்தார்கள். நீங்கள் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டீர்கள். படியிறங்கும்போதே என் காதில், "எங்கப்பா வேல புள்ள இது! தண்ணி, துணி, மணி, அப்படியே இருக்கு!" என்றீர்கள். ஆசாரியனுடைய இரண்டு மகன்கள், ஆண்டவர் கேட்காத நெருப்பைக் கொண்டுபோய்ச் சன்னிதியிலேயே செத்து விழுந்தார்கள் என்று படித்த அன்றைக்கு உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி வாரம், ஆண்டவரே ஒரே ஆசாரியராக ஒரே தரம் உள்ளே போய்விட்டார், சன்னிதியை மறைத்த திரை கிழிந்துவிட்டது, இனி நடுவில் யாரும் நிற்கத் தேவையில்லை என்று பாஸ்டர் முடித்தார். அன்றைக்கு ராச்சோறு தின்றுகொண்டே, "அப்ப பூசாரிக்கு வேல போச்சா?" என்றீர்கள். "ஒங்களுக்கு அப்பம் சுடற வேல இருக்கு, பேசாம சாப்புடுங்க" என்றேன்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது.

திராட்சை ரசம் கொடுத்துவிட்டுப் போகலாமென்று ஒரு சனிக்கிழமை தேவமணி அக்கா நம் வீட்டுக்கு வந்தார். ஈர வேட்டி, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி, அடுப்பில் கல். நீங்கள் நின்ற கோலத்தைப் பார்த்து அப்படியே திரும்பிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய அம்மாவுக்கு அடிக்கடி அருள் வந்து, வீடே பயந்து கிடந்த காலம் ஒன்று இருந்ததாம். சின்ன வயதில் அந்தப் பயத்தோடு வளர்ந்தவர். மறுநாள் சபையில் குசுகுசுப்பு. பழைய வழக்கத்தை ஆண்டவர் பந்திக்குக் கொண்டு வருகிறார்கள் என்று.

செவ்வாய்க்கிழமை பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நம் மகளைவிடச் சின்னவர். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் கோப்பியை ஊதிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, துணி கட்டுறீங்களாமே."

"ஆமாங்க பாஸ்டர்."

"நீங்க தப்பான மனசோட செய்யலன்னு எனக்குத் தெரியும். ஆனா சில பேருக்கு அது பழச ஞாபகப்படுத்துது, பயப்படுறாங்க. அந்த ரெண்டு மகனுங்கள பத்திப் படிச்சோமே. பக்தியாத்தான் செய்றோம்னு அவங்களும் நெனச்சிருப்பாங்க. ஆண்டவர் கேக்காதத சேக்கக் கூடாது, அதான்..."

உங்கள் முகத்தைப் பார்த்தேன். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்றைய முகம். இந்த மனுசனிடமிருந்து இதையும் பிடுங்கிக்கொண்டால் மறுபடியும் பின்வாசலில் போய் நிற்பாரே என்று அடுக்களையிலிருந்தே கத்திவிட்டேன்.

"அப்பமே வேணாங்கிறீங்களா பாஸ்டர்?"

"ஐயோ அக்கா, அப்பம் வேணும்லா! துணிதான் வேணாம்."

நீங்கள் எழுந்து உள்ளே வந்தீர்கள். கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தீர்கள். "வேற எதுக்காச்சும் வெச்சுக்க" என்றீர்கள். திரும்பிப் போய் உட்கார்ந்து, "சரிங்க பாஸ்டர். கட்டல" என்றீர்கள். அவ்வளவுதான். வாதாடுவீர்கள் என்று பயந்து வந்த பிள்ளை மறுபடியும் கோப்பியை ஊத ஆரம்பித்தார்.

நீங்களே கேட்டீர்கள். "குளிக்கலாமா பாஸ்டர்?"

"குளிங்கண்ணே! நல்லா குளிங்க!"

"மாவு பெசையறப்ப பேசாம இருக்கலாமா?"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அத நான் எப்படிண்ணே வேணாம்னு சொல்லுவேன்" என்றார்.

அவர் போன பிறகு நான்தான் ஆடினேன். "அவரு ஒங்க மக வயசுப் புள்ள. வாயத் தொறந்து ஒரு ஞாயம் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சாமி வேலைய நமக்குப் புடிச்ச மாதிரி செஞ்சா அது நம்ம வேலையாயிரும் புள்ள. சொன்னபடி செஞ்சாத்தான் சாமி வேல. எங்கப்பா சொன்னப்பவும் நான் எதுத்துப் பேசுனதில்ல."

"அது ஒங்கப்பா."

"இங்க சாவி இவரு கையில இருக்கு. வயசயா பாக்கறது?"

அந்தச் சனிக்கிழமை நீங்கள் துணி கட்டவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டீர்கள். மூச்சுவிட வேண்டுமென்றால் முகத்தைத் தோளுக்குத் திருப்பி விட்டுவிட்டு மறுபடி மாவுக்குத் திரும்பினீர்கள். கொசு ஒன்று வந்து மூக்குமேல் உட்கார்ந்தது. கையிலோ மாவு, ஊதி விரட்டவும் முடியாது. நீங்கள் மூக்கைச் சுருக்கி, நெற்றியைச் சுருக்கி, கண்ணைச் சுழற்றி... நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். என்னை முறைத்தீர்கள். முறைத்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. சத்தமே வராமல் இரண்டு கிழடுகள் அழுகிற மாதிரி சிரித்தோம். அன்றைக்குச் சுட்ட அப்பம் ஒரு பக்கம் கருகிவிட்டது. ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை.

சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து உங்கள் கையில் பலம் போன பிறகு, மாவு பிசைய வந்தது யார் தெரியுமா என்று யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். தேவமணி அக்காவேதான். "நகருங்கலா, நான் பெசையறேன்" என்று வளையலைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மருமகள் கதையை ஆரம்பித்தார். நீங்கள் நாற்காலியில் சாய்ந்தபடி அவரைப் பார்த்தீர்கள். வேறொன்றும் செய்யவில்லை. மருமகள் பாதிக் கதையிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் மாவு மட்டும்தான் சத்தம் போட்டது.

எல்லாம் முடிந்ததும் அக்கா பெருமூச்சு விட்டார். "என் வாழ்க்கையில இவ்ளோ நேரம் நான் பேசாம இருந்ததே இல்லலா."

"அதான் அப்பம் இன்னிக்கி நல்லா வந்துருக்கு" என்றீர்கள்.

அக்கா அடிக்க வந்தார். நோயாளி என்பதால் தப்பித்தீர்கள்.

உங்களை அடக்கம் செய்த அன்றைக்குப் பழைய கோயில் ஆட்கள் வேனில் வந்தார்கள். நீங்கள் சபைக்குப் போனது அவர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தலைமாட்டில் நின்று கைகூப்பினார்கள். "நம்ம பூசாரி" என்று ஒருவர் தேம்பினார். தேவமணி அக்கா பக்கத்தில்தான் நின்றார், அந்தப் பெயருக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கல் காய்ந்திருக்கும், போய்ச் சுட்டுவிட்டு வருகிறேன்.

சுட்டுவிட்டேன். நன்றாக உப்பி வந்து, சரியாக அடங்கியது. ஆறட்டும் என்று தட்டில் வைத்திருக்கிறேன். பிசையும்போது என் உதடு தானாகவே இறுகிக்கொண்டது. யாரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டில் ஆள் இல்லாததால் வந்த மௌனம் வேறு, இந்த மௌனம் வேறு. முதலாவது என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. இது சோறு போடுகிற மாதிரி இருக்கிறது. நீங்கள் எனக்கு விட்டுப்போன சொத்து இதுதான் என்று நினைக்கிறேன். மனசு நிறைவாகத்தான் இருக்கிறது, பூசாரி.

நேற்றிலிருந்து ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. தோட்டத்துக் கோயிலில் பாத்திரம் கழுவினேன், பூ கட்டினேன், கோலம் போட்டேன். எல்லாவற்றையும் கருவறைப் படிக்கு இந்தப் பக்கம் வைத்துவிடுவேன், நீங்கள் உள்ளே எடுத்துப் போவீர்கள். அது அங்கே முறை. சபைக்கு வந்தோம். இங்கே கருவறையும் இல்லை, படியும் இல்லை. மாவு பிசைந்ததில் பாதி என் கை. மாடிப்படி ஏறி வரும்வரை தட்டு என் கையில்தான் இருக்கும். கூடத்து வாசலுக்கு வந்ததும் நீங்கள் கையை நீட்டுவீர்கள், நான் கொடுத்துவிடுவேன். ஒவ்வொரு மாதமும் அப்படித்தான். ஏன் என்று நீங்களும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றியதில்லை. பாஸ்டர் போன் செய்த பிறகுதான் என் கை வெறுமையாக அந்த வாசலில் நின்றது எனக்கு ஞாபகம் வருகிறது.

நாளைக்கு நான் போகத்தான் போகிறேன். சொன்னபடி செய்வேன். கோபத்தில் இதை எழுதவில்லை, சத்தியமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நீங்கள் கை கால் திடமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், அந்த வாசலில் நின்று, "இன்னிக்கி நான் கொண்டு போறேங்க" என்று நான் கேட்டிருந்தால், நீட்டிய கையை மடக்கிக்கொண்டு என்னைப் போக விட்டிருப்பீர்களா?